கருக்கலைப்புச் சட்ட விவாதத்தில் ஒப்புமை: கட்டுவதும் சோதிப்பதும்

கருக்கலைப்புச் சட்டம் பற்றி வகுப்பிலோ மேடையிலோ பேச்சு தொடங்கினால் சற்று நேரத்தில் யாராவது ஓர் ஒப்புமையை எடுத்து வைப்பார். சிறுநீரகம், தீப்பிடித்த மருத்துவமனை, மாங்கொட்டை, வாடகை வீடு என்று ஏதாவது ஒன்று. எதிரில் இருப்பவர் "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்பார். பாதி ஒப்புமைகள் அந்த ஒரே கேள்வியில் விழுந்துவிடும். கதை மோசம் என்பதால் அல்ல. அந்தக் கதை எந்தக் கேள்விக்கு விடை என்று கொண்டுவந்தவருக்கே தெரியாததால்.

இங்கே சொல்லும் முறை இரு தரப்புக்கும் உதவும். எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்வது இதன் வேலை இல்லை.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

"கருக்கலைப்பு சரியா, தவறா" என்பதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கரு என்பது என்ன, அதற்கு ஒரு மனிதருக்குரிய தகுதி உண்டா? உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், இன்னொருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதற்கு உண்டா? கொல்வதும் காப்பாற்ற மறுப்பதும் ஒன்றா? அறத்தில் தவறு என்று ஒத்துக்கொண்டால்கூட, அதைச் சட்டம் போட்டுத் தண்டிக்க வேண்டுமா?

ஓர் ஒப்புமை இவற்றில் ஒன்றுக்குத்தான் விடை தரும். பிரபலமானவற்றை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஓடும் டிராம் வண்டியைத் திருப்பி ஐவருக்குப் பதில் ஒருவரைச் சாகவிடலாமா என்ற புதிரை இன்று எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் அதை 1967-இல் கருக்கலைப்பு பற்றிய கட்டுரையில்தான் முதலில் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. அது மூன்றாவது கேள்விக்கானது. கருவின் தகுதி பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே காகிதத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது கதையை அல்ல, கேள்வியின் எண்ணை.

ஐந்து உறுப்பில் எழுதிப் பாருங்கள்

இதற்கு நம்மிடம் பழைய அச்சு ஒன்று இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் விளக்கும் ஐந்து உறுப்புகள்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு). இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு உண்டு. இதில் ஏதுவை உருவிவிட்டு மலையையும் அடுக்களையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "மலையில் யார் சமைக்கிறார்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். கருக்கலைப்பு விவாதத்தில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

வயலின் கலைஞர் ஒப்புமையை இதில் போட்டுப் பார்ப்போம். அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-இல் எழுதியது. கதை இவ்வளவுதான்: கண் விழிக்கிறீர்கள். பக்கத்தில் நினைவிழந்த நிலையில் புகழ்பெற்ற வயலின் கலைஞர். அவருக்குச் சிறுநீரக நோய். உங்கள் ரத்த வகை மட்டுமே பொருந்துவதால் இசை ரசிகர் சங்கத்தார் நேற்றிரவு உங்களைக் கடத்திவந்து, அவர் ரத்த ஓட்டத்தை உங்கள் உடலோடு இணைத்துவிட்டார்கள். 9 மாதம் இப்படியே இருந்தால் அவர் பிழைப்பார். கழற்றினால் இறப்பார்.

பக்கம்: வல்லுறவால் கருவுற்ற பெண் அதைச் சுமக்க மறுப்பது அநீதி அல்ல.
ஏது: உயிர் வாழும் உரிமைக்குள், பிறர் உடலை அவர் இசைவின்றிப் பயன்படுத்தும் உரிமை அடங்காது என்பதால்.
திட்டாந்தம்: கடத்திவரப்பட்டவர் வயலின் கலைஞரிடமிருந்து தன்னைக் கழற்றிக்கொள்வதைப் போல.
உபநயம்: இந்தப் பெண்ணின் உடலும் அவர் இசைவின்றியே பயன்படுகிறது.
நிகமனம்: ஆகவே அவர் மறுப்பது அநீதி அல்ல.

எழுதி முடித்ததும் இரண்டு விஷயம் தெரியும். தாம்சன் கருவுக்கு முழு மனிதத் தகுதியை வாதத்துக்காக விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார். "கரு வயலின் கலைஞர் மாதிரியா?" என்று கேலி செய்பவர் அவருக்கு உதவிதான் செய்கிறார். இரண்டாவது, கதையில் கடத்தல் இருப்பதால் நிகமனம் வல்லுறவைத் தாண்டிப் போகவில்லை. எல்லாக் கர்ப்பத்துக்கும் இதையே நீட்டுவதுதான் மேடைகளில் அதிகம் பார்க்கும் பிழை.

குறுகிய நிகமனம் என்றால் பயனற்றது என்று நினைக்க வேண்டாம். எந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பிரிவு 303, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்குத் தருகிறது. வல்லுறவுக்கு விலக்கு இல்லை. 2022-க்குப் பின் டெக்சாஸ் மாநிலத் தடையிலும் அப்படித்தான். அங்கெல்லாம் வயலின் கலைஞர் நேராகச் சட்டத்தின் மீதே போய் நிற்கிறார். இந்தியாவில் வல்லுறவுக்கு ஆளானவருக்கு 24 வாரம் வரை ஏற்கெனவே இடம் உண்டு. இங்கே இதே கதையைச் சொன்னால் திறந்திருக்கும் கதவைத் தட்டுவதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அறவண அடிகள் இன்னொன்றும் சொல்கிறார்: வைதன்மிய திட்டாந்தம், அதாவது எதிர்மறை எடுத்துக்காட்டு. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இருக்காது, நீரைப் போல. முடிவு பொருந்தாத இடத்தில் ஏதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் நீங்கள் ஏது என்று நினைத்தது ஏதுவே அல்ல.

கதையின் கூறுகளை ஒரு பத்தியாக எழுதுங்கள். வயலின் கலைஞரில் ஐந்து இருக்கின்றன: கடத்தல், 9 மாதக் காலம், முன்பின் தெரியாத ஆள், கழற்றுதல் என்ற செயல், படுக்கையோடு கிடக்கும் சுமை. இப்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்ப்பைப் புரட்டியது என்று தெரியாது.

காலத்தை 9 மாதத்திலிருந்து ஒரு மணி நேரமாக்குங்கள். பலருக்கு உள்ளுக்குள் உறுத்தும். இதைத் தாம்சனே எழுப்பி, ஒரு மணி நேரம் தர மறுப்பது நல்ல மனிதர் செய்யும் காரியம் அல்ல, ஆனால் அந்தக் கலைஞருக்கு உரிமை மறுக்கப்பட்டதாகாது என்று பிரித்துக் காட்டுகிறார். அந்நியரை உங்கள் சொந்தப் பிள்ளையாக்குங்கள். இங்கே தீர்ப்பு நிறையப் பேருக்கு ஆட்டம் காணும். எதிர்த்தரப்பு அடிக்க வேண்டிய இடம் இது, ஆதரவுத் தரப்பு முட்டுக் கொடுக்க வேண்டிய இடமும் இதுவே. கழற்றுவதைக் கத்தியால் குத்துவதாக மாற்றுங்கள். கொல்வதா, காக்க மறுப்பதா என்ற மூன்றாவது கேள்வி உடனே தலைகாட்டும்.

கடத்தலை நீக்கிவிட்டு, தானாக வந்து ஓரளவு ஆபத்தை ஏற்றவர் என்று மாற்றினால் பொறுப்பு வாதம் வருகிறது. இதற்குத் தாம்சன் தந்த பதில் ஒப்புமை வினோதமானது: மகரந்தம் போல மனித விதைகள் காற்றில் மிதக்கின்றன, ஜன்னலுக்கு நல்ல வலை போட்டும் ஒன்று ஓட்டை வழியே நுழைந்து கம்பளத்தில் வேர் விடுகிறது. கருத்தடை தவறிப்போன நிலையைக் குறிக்கும் கதை. தர்க்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் தமிழ் மேடையில் சொன்னால் அவை சிரிக்கும், அந்தச் சிரிப்பில் ஏது தொலைந்துபோகும். அன்றாடத்திலிருந்தே எடுங்கள். வண்டி ஓட்டி ஒருவரை இடித்தவரிடம் சட்டம் இழப்பீடு வாங்கித் தரும். அடிபட்டவருக்காக அவர் ரத்தத்தை வலுக்கட்டாயமாக எடுக்காது. எதிர்த்தரப்புக்கு இதற்கும் விடை உண்டு: இடிபட்டவரின் உயிருக்கும் ஓட்டுநரின் உடலுக்கும் இயல்பான பிணைப்பு கிடையாது, கருவுக்கு உண்டு என்பார்கள். அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்.

சிறுநீரகம் வயலினைவிட நல்லது

கடத்தல், இசை ரசிகர் சங்கம் என்ற ஜோடனை எதுவும் வேண்டாமல் அதே ஏதுவைத் தாங்கும் உண்மையான சட்டம் நம் கையில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிரோடிருப்பவரிடம் உறுப்பு எடுக்க வேண்டுமானால் அவர் வயதுவந்தவராக இருக்க வேண்டும், தானே இசைய வேண்டும். தாயின் சிறுநீரகம் மட்டுமே பொருந்தும் என்றாலும், பிள்ளை சாகக் கிடந்தாலும், தாயைக் கட்டாயப்படுத்த வழியில்லை. "சொந்தப் பிள்ளை ஆயிற்றே" என்ற எதிர்ப்பை வயலின் கதை தடுமாறி எதிர்கொள்கிறது. இது தொடக்கத்திலேயே உள்ளே வைத்துக்கொள்கிறது.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தானம் கொடுப்பது ஒரு செயல். மறுத்தால் எதுவும் நடக்காமல் போகிறது. கருக்கலைப்பில் ஒரு செயலைச் செய்துதான் நிறுத்த வேண்டியிருக்கிறது. கூர்மையான எதிராளி இன்னும் ஒரு படி போவார்: கொடுத்த சிறுநீரகத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? கர்ப்பம் என்பது கொடுத்து முடித்த தானமா, இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் தானமா என்பதில்தான் இதன் விடை இருக்கிறது. ரத்தம் கொடுக்கும்போது பாதியில் ஊசியைக் கழற்றச் சொல்லலாம். பிறர் உடம்பில் ஏறிவிட்ட ரத்தத்தைக் கேட்க முடியாது. கர்ப்பம் எதற்கு நெருக்கம் என்று வாதாடுங்கள். உண்மையான மோதல் நடக்க வேண்டிய இடம் அதுதான்.

எதிர்காலம், மாங்கொட்டை, தீ

கருக்கலைப்பை எதிர்ப்பவர்களில் தத்துவ வலிமையுள்ள வாதம் அமெரிக்கத் தத்துவவாதி டான் மார்க்விஸ் 1989-இல் எழுதியது. கரு மனிதரா இல்லையா என்ற சண்டைக்குள் போகாமல், நம்மைக் கொல்வது ஏன் தவறு என்று கேட்கிறார். கொல்லப்படுபவர் நம்முடையதைப் போன்ற ஓர் எதிர்காலத்தை இழக்கிறார்; கருவும் அதே எதிர்காலத்தைத்தான் இழக்கிறது. இங்கே ஒப்புமை கதையாக வரவில்லை. நீங்களும் கருவும் ஒரே இழப்புக்கு உரியவர்கள் என்ற நேர் ஒப்பீடாக வருகிறது.

வைதன்மியச் சோதனை இதற்கும் உண்டு. கருத்தடையும் ஓர் எதிர்காலத்தைத் தடுக்கிறதே, அதுவும் தவறா? கருவுறுதலுக்கு முன் இழப்பதற்கு இன்னது என்று சுட்டக்கூடிய ஓர் உயிர் இல்லை என்பது மார்க்விஸின் பதில். அந்தப் பதிலை மனப்பாடம் செய்யாமல் இந்த வாதத்தைக் கையில் எடுக்காதீர்கள், முதல் குறுக்குக் கேள்வியே இதுதான். பிறந்தவுடன் இறந்துவிடக்கூடிய கடும் குறைபாடுள்ள கருவுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும், இரண்டாவது கேள்வியை (பிறர் உடல் மீதான உரிமை) இது தொடவே இல்லை என்பதையும் எதிர்த்தரப்பு நினைவில் வைத்திருக்கும்.

மாங்கொட்டை மாமரமா, முட்டை கோழியா என்பவை நம் ஊர் மேடைகளின் நிரந்தர விருந்தாளிகள். இவற்றை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. "கொட்டை மரமல்ல" என்று ஒருவர் சொல்வார். "கொட்டைக்குள் இருப்பதும் அந்த மரம்தான், வளர்ச்சியில் முந்தைய நிலை" என்று மற்றவர் சொல்வார். இரண்டும் சரி. மரத்தை வெட்டுவது ஏன் தவறு என்பதற்குப் பழமும் நிழலும் காரணம். மனிதரைக் கொல்வது ஏன் தவறு என்பதற்கு அவை காரணமல்ல. ஏது இல்லாத திட்டாந்தம்.

கருத்தரிப்பு மையத்தில் தீ. ஒரு பக்கம் ஐந்து வயதுக் குழந்தை, மறுபக்கம் உறைய வைத்த ஆயிரம் கருக்கள் உள்ள பெட்டி. ஒன்றைத்தான் தூக்க முடியும். ஏறக்குறைய எல்லோரும் குழந்தையைத் தூக்குவார்கள். கருவுக்கும் குழந்தைக்கும் எவ்வகையிலும் வேறுபாடே இல்லை என்ற கூற்றை இது ஆட்டிப் பார்க்கிறது. அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. உங்கள் பிள்ளையையும் அந்நியர் ஐவரையும் வைத்துப் பாருங்கள்: பிள்ளையைத்தான் தூக்குவீர்கள், அதனால் அந்த ஐவரைக் கொல்லலாம் என்றாகிவிடாது. யாரை முதலில் காப்பது என்பதும் யாரை அழிக்கலாம் என்பதும் வேறு வேறு.

அறத்திலிருந்து சட்டத்துக்கு

நான்காவது கேள்விதான் அதிகம் கைவிடப்படுவது. "இது தவறு" என்று நிறுவிவிட்டு, "ஆகவே சட்டம் தடுக்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். நடுவில் ஒரு படி இருக்கிறது. அதற்கும் நல்ல திட்டாந்தம் நீதிமன்றத்திலேயே கிடைக்கிறது. 1978, பென்சில்வேனியா, மெக்ஃபால் எதிர் ஷிம்ப் வழக்கு. எலும்பு மஜ்ஜை நோயால் சாகக் கிடந்தவர், மஜ்ஜை பொருந்திய உறவினர் தர மறுத்ததால் நீதிமன்றத்தை நாடினார். மறுத்தது அறப்படி நியாயப்படுத்த முடியாதது என்று நீதிபதி எழுதினார். ஆனாலும் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டார். சில நாளில் நோயாளி இறந்தார். அறத்தின் தீர்ப்பும் சட்டத்தின் தீர்ப்பும் ஒரே ஆணையில் பிரிந்து நிற்கும் அரிய இடம் இது.

எதிர்த்தரப்பின் பதிலும் சட்டத்திலிருந்தே வரலாம். பெற்றோருக்குச் சட்டம் கடமை விதிக்காமல் இல்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிடுவது, இந்தியாவின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 93-இன்படி குற்றம். உடலைத் தரும் கடமை இல்லை, பராமரிக்கும் கடமை உண்டு. கர்ப்பம் இரண்டில் எது? மேலோட்டமான ஒப்புமைகள் தவிர்க்கும் கேள்வி இது.

அடுத்து, சட்டத்தின் உருவத்தைப் பாருங்கள். இந்தியாவில் கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்ற வடிவில் எழுதப்படவில்லை. கருச்சிதைவு செய்வது சன்ஹிதாவின் பிரிவு 88-இன்படி குற்றம். 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு விலக்கு. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து வேண்டும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்கள். அதன் பிறகு கருவில் கணிசமான குறைபாடு உண்டென மருத்துவக் குழு சொன்னால், அல்லது பெண்ணின் உயிரைக் காக்க உடனடித் தேவை இருந்தால் மட்டும். படிப்படியாக ஏறும் சட்டத்தின் மீது, ஆமாம்-இல்லை என்று மட்டும் சொல்லும் ஒப்புமையை வைத்தால் பொருந்தாது. உங்கள் ஒப்புமையை 8 வாரம், 22 வாரம், 30 வாரம் என்று மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே விடை வந்தால், படிநிலைகளை ஏன் எடுத்துவிட வேண்டும் என்றும் நீங்கள் சொல்லியாக வேண்டும்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கேட்ட வழக்கு இதற்கு உரைகல். இரண்டு பிள்ளைகளின் தாய், பேற்றுக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து உட்கொண்டிருப்பவர், கர்ப்பம் 26 வாரத்தைத் தொட்டிருந்தது. கரு வெளியே உயிர் பிழைக்கக்கூடிய நிலையில் இருந்ததால், இதயத் துடிப்பை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. இரு நீதிபதிகள் இரு விதமாகச் சொன்னார்கள். அக்டோபர் 16 அன்று மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. இப்போது வயலின் கலைஞரிடம் திரும்பிப் போங்கள். தாம்சன் அங்கேயே ஒரு வரம்பு போட்டிருக்கிறார்: கழற்றிக்கொள்ளும் உரிமை உண்டு, கழற்றிய பின்னும் அவர் அதிசயமாகப் பிழைத்துக்கொண்டால் கழுத்தை அறுக்கும் உரிமை இல்லை. கதையை அரைகுறையாகத் தெரிந்தவர் இந்த வழக்கில் அதைத் தவறான பக்கத்துக்குச் சாட்சியாக அழைத்துவிடுவார்.

நீதிமன்றமே ஒப்புமையால் பேசும் இடமும் உண்டு. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், 20–24 வார விதியிலிருந்து மணமாகாத பெண்களை விலக்கி வைப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே நிலையில் இருப்பவர்களை மணம் என்ற ஒரு கூறு பிரிக்கக் கூடாது என்பதே அடிப்படை. ஒரு கூறை மட்டும் மாற்றிப் பார்க்கும் அதே சோதனை, சட்ட மொழியில்.

தொடாமல் விட வேண்டியவை

அடிமை முறை, யூதப் படுகொலை. இவற்றைச் சொன்ன நொடியில் எதிரில் இருப்பவரைக் கொலைகாரர் என்று சொன்னதாகிவிடும், பிறகு யாரும் ஏதுவைக் கேட்க மாட்டார்கள். தவிர, அடிமை முறையை இரு தரப்பும் எடுக்க முடிகிறது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று சொன்ன 1857-இன் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை ஒருவர் காட்டுவார்; விருப்பமின்றிப் பிறருக்காக உடலை உழைக்கவைப்பதே அடிமை முறை என்று மற்றவர் சொல்வார். கருக்கலைப்பை அரசமைப்பு உரிமை என்று சொன்ன ரோ தீர்ப்பை 2022 ஜூனில் ரத்து செய்த அமெரிக்க உச்ச நீதிமன்றமும், பள்ளிகளில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராக வந்த 1954-இன் பிரவுன் தீர்ப்பைத் தனக்கு முன்னோடியாகக் காட்டியது; மாறுபட்ட மூன்று நீதிபதிகள் அந்த ஒப்பீட்டையே மறுத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது பெண் சிசுக்கொலை ஒப்பீடு. உசிலம்பட்டியையும் 1992-இன் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இழுப்பார்கள். அங்கே கொல்லப்பட்டது பிறந்த குழந்தை. முதல் கேள்விக்கு விடையை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட ஒப்பீடு அது. ஆனால் அதையொட்டி வரும் கேள்வி கனமானது: பெண் முடிவெடுப்பதே போதும் என்றால், பெண் கரு என்பதற்காகக் கலைப்பதை எப்படி மறுப்பீர்கள்? அதே 1994-இல் வந்த இன்னொரு சட்டம் கருவின் பாலினம் அறியும் சோதனையைத் தடுக்கிறது என்று சொல்வது பாதி விடைதான். உரிமைத் தரப்பில் பேசுபவர் மீதியை வீட்டிலேயே யோசித்துவிட்டு வர வேண்டும்.

பெண்ணை விளைநிலமாகவோ வாடகை வீடாகவோ ஆக்கும் உவமைகளும் வேண்டாம். வாடகை என்றால் விவாதம் முன்னறிவிப்புக் காலத்துக்கும் முன்பணத்துக்கும் போய்விடும். கோயிலிலும் கருவறை, தாயிடமும் கருவறை என்பது அழகான சொல் விளையாட்டு. கைதட்டல் வாங்கும், வாதம் ஆகாது.

பேசும்போது

ஐந்து நிமிடப் பேச்சில் ஓர் ஒப்புமை போதும். கதைக்கு 40 நொடிக்கு மேல் தராதீர்கள், ஏதுவை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது ஒரு நிமிடம், அது எங்கே பொருந்தாது என்பதை நீங்களே சொல்லுங்கள். எதிராளி சொன்னால் ஓட்டை. நீங்கள் சொன்னால் எல்லை. அவையில் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களும் கரு கலைந்துபோனவர்களும் இருப்பார்கள் என்பதை மறக்காமல், மருத்துவ முறைகளைப் படமாக வர்ணிப்பதைத் தவிருங்கள்.

எதிராளியின் ஒப்புமைக்குப் பதில் சொல்லும்போது வேறுபாட்டைச் சுட்டுவது மட்டும் போதாது. வயலின் கலைஞர் பெரியவர், கரு சிறியது. சரி, அதனால்? நீங்கள் சொன்ன வேறுபாட்டை அவர் கதைக்குள்ளேயே போட்டுப் பாருங்கள்: வயலின் கலைஞருக்குப் பதில் முன்பின் தெரியாத ஒரு பச்சைக் குழந்தை. தீர்ப்பு மாறினால் சொல்லுங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சில நேரம் எதிராளி உங்கள் கதையின் தீர்ப்பையே மறுப்பார்: "ஆமாம், வயலின் கலைஞரையும் கழற்றக் கூடாது, 9 மாதம் படுத்தே கிடக்க வேண்டும்." அவர் முன்னுக்குப் பின் முரணில்லாமல்தான் பேசுகிறார். அந்தக் கதையை உரக்கத் திருப்பிச் சொல்லிப் பயனில்லை, அதன் வேலை முடிந்தது. அப்படியானால் சிறுநீரகம் தர மறுக்கும் தாயையும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் எத்தனை ஆண்டுச் சிறை என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், இரண்டுக்கும் நடுவில் அவர் காணும் வேறுபாட்டை அவர் வாயாலேயே சொல்லவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று அதைப் பற்றித்தான்.